ஸ்கின் மட்டும்தானே விற்கிறார்கள், உங்களுக்கு என்ன நஷ்டம்?

ஜூன் 2, மாலை (கேட்டவர்)

இந்த கேமின் முதல் பாகத்தை எல்லோரும் காசு கொடுத்து வாங்கினோம். இரண்டாம் பாகத்தை இலவசமாகவே கொடுத்துவிட்டார்கள். துப்பாக்கி விற்கவில்லை, பலம் விற்கவில்லை, ஸ்கின் (தோற்றத்தை மட்டும் மாற்றும் அலங்காரம்) மட்டும்தான். பிடித்தவன் வாங்குகிறான், பிடிக்காதவன் சும்மா விளையாடுகிறான். வாங்காதவனுக்கு இதில் என்ன நஷ்டம்? கோபப்படாமல் யாராவது விளக்குங்கள்.

ஜூன் 2, இரவு 11.40

நான் இதுவரை ஒரு ஸ்கின் கூட வாங்கியதில்லை. ஆனாலும் எனக்கு நஷ்டம்தான். எப்படி என்று சொல்கிறேன்.

நாலு பேர் சேர்ந்து ஆடும் ஒரு கேம். பெயர் வேண்டாம், சொன்னால் பேச்சு அதோடு நின்றுவிடும். முதல் பாகத்தில் பனிக்குகை என்று ஒரு கட்டம் உண்டு. நாலு பேரில் ஒருவர்கூட விழாமல் அதை முடித்தால் ஒரு ஹெல்மெட் கிடைக்கும். அழுக்குச் சாம்பல் நிறம். இடது கண்ணுக்கு மேலே ஒரு விரிசல், அந்த விரிசலில் பனி அப்பியிருக்கும். பார்வைக்குப் பெரிய அழகெல்லாம் இல்லை. ஆனால் ஆட்டம் தொடங்கும் முன் கூடும் லாபியில் யாராவது அதைப் போட்டுக்கொண்டு வந்து நின்றால் தெரிந்துவிடும்: இந்த ஆள் கடைசிக் கதவில் பதறமாட்டார், மருந்தை வீணாக்கமாட்டார், பின்தங்கியவனை விட்டுவிட்டு ஓடமாட்டார். ஒரு வார்த்தை பேசத் தேவையில்லை. நாங்கள் அதை எடுக்க மூன்று மாதம் ஆனது.

இரண்டாம் பாகம் வந்த இரண்டாவது வாரம் அதே ஹெல்மெட் கடைக்கு வந்தது. விரிசலில் பனிக்குப் பதில் நீல வெளிச்சம். அன்று சாயங்காலம் நான் ஆடிய மூன்று மேட்சிலும் யாராவது ஒருவர் அதைப் போட்டிருந்தார். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, பிடித்தது, வாங்கினார்கள். ஆனால் அந்த ஹெல்மெட்டைப் பார்த்தால் இப்போது எனக்கு எதுவும் தெரிவதில்லை. நான் ஒன்றும் வாங்காமலேயே என்னிடம் இருந்த ஒன்று போய்விட்டது.

முதல் பாகத்தில் தோற்றம்தான் பரிசாக இருந்தது. அதைக் கடைக்கு மாற்றியதும் கட்டங்களில் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. இப்போது பனிக்குகையை முடித்தால் என்ன தருகிறார்கள்? பாஸில் (ஆட ஆடப் புள்ளி சேர்த்துப் படிப்படியாகப் பரிசு எடுக்கும் பட்டியல்) நிரம்பும் கோட்டுக்கு 400 புள்ளி.

ஜூன் 3, காலை

திருத்தம். மூன்று மாதம் இல்லை. நண்பன் பழைய ஸ்கிரீன்ஷாட்டுகளின் தேதியைப் பார்த்துச் சொன்னான்: முதல் முயற்சிக்கும் ஹெல்மெட் கிடைத்த இரவுக்கும் நடுவே ஏழு வாரம். மனதில் அது நீண்டு போயிருக்கிறது.

ஜூன் 3, இரவு 10.15

"கடை ஒரு மூலையில் இருக்கிறது, அதற்கும் ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்டிருந்தீர்கள். கடைக்குத் தகுந்தபடி ஆட்டம் வளைந்துகொடுக்கும். இதற்கு எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான உதாரணம் பிலிசார்ட் நிறுவனத்தின் டயப்லோ 3. அதுவும் ஒரு தொடர்ச்சிதான்.

2012 மே 15-ல் வந்தது. அதற்குள் ஓர் ஏலக்கடை. உங்களுக்குக் கிடைத்த கத்தியை இன்னொருவருக்கு விற்கலாம். முதலில் கேமுக்குள் இருக்கும் தங்கத்துக்கு, அடுத்த மாதத்திலிருந்து நிஜப் பணத்துக்கும். நிஜப் பண விற்பனையில் பிலிசார்டுக்கு ஒரு பங்கு. காகிதத்தில் நல்ல யோசனைதான். கேமுக்கு வெளியே திருட்டுத்தனமாக நடந்துகொண்டிருந்த வியாபாரத்தைப் பாதுகாப்பாக உள்ளே கொண்டுவருகிறோம் என்றார்கள், அதில் நியாயமும் இருந்தது.

ஆனால் டயப்லோ ஆடுகிறவர் எதற்காக ஆடுகிறார்? பூதத்தைக் கொல்கிறார், அது விழும் இடத்தில் என்ன கிடக்கிறது என்று குனிந்து பார்க்கிறார். அந்தக் குனிந்து பார்க்கும் நொடிக்காகத்தான் அத்தனை மணி நேரமும். லட்சக்கணக்கானவர்களின் நல்ல சாமான்கள் எல்லாம் ஒரே சந்தையில் குவிந்துவிட்டால், உங்கள் காலடியில் விழுவது எதுவாக இருந்தாலும் சந்தையில் அதைவிட நல்லது மலிவாக இருக்கும். பத்து மணி நேரம் பூதத்தை அடிப்பதைவிடப் பத்து நிமிடம் ஏலக்கடையைத் தேடுவது லாபம். ஆட்டத்தின் உயிர்நாடியே பட்டியலைப் பார்ப்பதாக மாறியது. கடையை யாரும் உங்கள் மேல் திணிக்கவில்லை, நீங்கள் உள்ளே போகாமலேயே இருக்கலாம். போகாவிட்டாலும் உங்களுக்குக் கிடைக்கும் சாமான் மட்டமாகத்தான் தெரியும், ஏனென்றால் அந்தச் சந்தை இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

பிலிசார்டே இதை ஒப்புக்கொண்டது. பூதத்தைக் கொன்று சாமான் எடுப்பது என்ற அடிப்படையை ஏலக்கடை கெடுக்கிறது என்று 2013 செப்டம்பரில் அறிவித்து, 2014 மார்ச் 18-ல் மூடினார்கள். மூடுவதற்கு முந்தின மாதமே சாமான் விழும் முறையையும் மாற்றி எழுதினார்கள்: எண்ணிக்கை குறைவு, தரம் அதிகம், உங்கள் வீரருக்குப் பொருந்துவதாக விழும். கடையை எடுக்க ஆட்டத்தையே திருத்தி எழுத வேண்டியிருந்தது என்றால் இரண்டும் எவ்வளவு தூரம் பின்னிக்கிடந்தன என்று பாருங்கள்.

ஜூன் 4, பகல்

"இலவசம்" பற்றி. ஒருவர் ஓவர்வாட்ச் 2-ஐ நல்ல உதாரணமாகச் சொல்லியிருக்கிறார். அதன் வரலாறு முழுசாகத் தெரிந்தால் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார்.

ஹீரோக்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு அணிகள் மோதும் கேம் அது. முதல் ஓவர்வாட்ச் 2016 மே மாதம் வந்தது, காசு கொடுத்து வாங்கும் கேம். இரண்டாம் பாகம் 2022 அக்டோபர் 4-ல் இலவசமாக வந்தது. அதற்கு முன்பே முதல் பாகத்தின் சர்வரை நிறுத்திவிட்டார்கள். நீங்கள் வாங்கிய கேமைத் திறந்தால் இனி அது இல்லை, அதன் இடத்தில் இன்னொன்று. முதல் பாகத்தில் புது ஹீரோ வந்தால் எல்லோருக்கும் உடனே கிடைக்கும். இரண்டாம் பாகத்தில் கிரிகோ என்ற ஹீரோ பாஸ் வாங்கியவருக்கும் முதல் பாகம் வைத்திருந்தவருக்கும் உடனே கிடைத்தார், மற்றவருக்குப் பாஸின் 55-ஆம் படியில். எதிர் அணியில் யார் இருக்கிறார் என்று பார்த்து ஹீரோவை மாற்றுவதுதான் அந்த ஆட்டமே. ஹீரோவைப் பூட்டி வைத்தால் சதுரங்கத்தில் ஒரு காயை எடுத்துவைத்துக்கொண்டு ஆடச் சொல்வது மாதிரி. அதை அவர்களும் பிறகு உணர்ந்தார்கள் போல, 2024 ஏப்ரலில் பத்தாவது சீசனிலிருந்து புது ஹீரோக்களை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள்.

இதில் இன்னொன்று. "2" என்று எண் போட 2019-ல் சொன்ன பெரிய காரணம், கதையோடு கூடிய கூட்டு ஆட்டம், ஹீரோவின் திறமைகளைப் படிப்படியாக வளர்க்கும் முறை. அந்த வளர்ப்பு முறையைக் கைவிட்டுவிட்டோம் என்று 2023 மே மாதம் சொன்னார்கள். மிச்சமிருந்த கதைக் கட்டங்கள் ஆகஸ்டில் காசுக்கு வந்தன. அதே மாதம் ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் இறங்கியபோது மோசமான விமர்சனங்கள் கொட்டின.

ஜூன் 4, பகல், சற்று பிறகு

அவசரத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். ஆறு பேர் அணியை ஐந்து பேராகக் குறைத்ததையும் சிலர் இந்தக் கணக்கிலேயே சேர்க்கிறார்கள். அது தப்பு. டேங்க் (முன்னால் நின்று அடி தாங்குபவர்) ஆட ஆள் கிடைக்காமல் மற்றவர்கள் வரிசையில் காத்துக்கிடந்தது நிஜமான பிரச்சினை, ஒரு டேங்கை எடுத்தது அதற்கான வடிவமைப்பு முடிவு. பிடிக்காமல் போகலாம், எனக்கும் இரண்டு டேங்க் இருந்த காலம்தான் பிடிக்கும். 2024 டிசம்பரில் ஆறு பேர் ஆட்டத்தைத் திரும்பப் பரிசோதித்துப் பார்த்தார்கள், ஆக அவர்களுக்குள்ளும் வாதம் இருந்திருக்கிறது. ஆனால் அந்த முடிவைக் கடையோடு முடிச்சுப் போட எந்த ஆதாரமும் இல்லை.

நானே இப்படி முடிச்சுப் போட எவ்வளவு சுலபமாகத் தயாராகிறேன் என்பதை யோசிக்க வேண்டியிருக்கிறது. இதைப் பிறகு எழுதுகிறேன்.

ஜூன் 5, இரவு

ஒரு சின்ன கணக்கு. எங்கள் கேமில் ஒரு மேலங்கி 1,100 காசு, நிஜப் பணம் கொடுத்து வாங்கும் கேம் காசு. கடையில் காசு 1,000 கட்டாகவும் 2,400 கட்டாகவும்தான் கிடைக்கும். நண்பன் 2,400 வாங்கினான், மேலங்கி எடுத்தான், 1,300 மிச்சம். அடுத்த வாரம் வந்த கோடாலி 1,500. இருநூறுக்காக இன்னொரு ஆயிரம். இப்போது அவனிடம் 800 இருக்கிறது, அதற்கு வாங்கக்கூடியதாக ஒரு பொருளும் இல்லை. "இதைச் செலவழிச்சு முடிச்சாத்தான் நிம்மதி"ன்னு போன வாரம் சொன்னான். காசு மிச்சமிருப்பது ஒருவனுக்குக் கடன் மாதிரி தெரிகிறது என்றால் அந்த எண்களை யாரோ உட்கார்ந்து யோசித்து வைத்திருக்கிறார்கள்.

ஜூன் 6, காலை

"கேம் செய்ய ஆகும் செலவு உங்களுக்குத் தெரியுமா, சர்வரை யார் நடத்துவது" என்று ஒருவர் காட்டமாகவே கேட்டிருக்கிறார். காசு வாங்கட்டும். வாங்கவே கூடாது என்று நான் எங்கும் சொல்லவில்லை. செய்கிறவர்களுக்குச் சம்பளம் போக வேண்டும், அதில் இரண்டு கருத்தே கிடையாது.

பழைய முறையிலும் கெடுதல் இருந்தது. 2015-ல் வந்த ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்டில் புது மேப்புகள் (ஆடுகளங்கள்) தனியாகக் காசு கொடுத்து சீசன் பாஸ் வாங்கியவருக்கு மட்டும். வாங்கியவர் ஒரு பக்கம், வாங்காதவர் இன்னொரு பக்கம், ஆட்கள் இரண்டாகப் பிரிந்து மேட்ச் கிடைக்காமல் போயிற்று. ஆட்டக்காரர்கள்தான் இதை எதிர்த்தார்கள். 2017-ல் இரண்டாம் பாகத்தில் மேப்புகள் எல்லாம் இலவசம் என்றார்கள். நல்லது. ஆனால் அந்த வருமானத்தை எங்கேயாவது எடுக்க வேண்டுமே, திறந்தால்தான் உள்ளே என்ன என்று தெரியும் பெட்டிகள் வந்தன. அந்தப் பெட்டிகளுக்குள் ஸ்கின் மட்டும் இல்லை, ஆட்டத்தில் பலம் கூட்டும் அட்டைகள்.

டார்த் வேடர் என்ற ஹீரோவைத் திறக்க 60,000 கிரெடிட், அதாவது ஆடிச் சேர்க்கும் கேம் காசு. ஆட்டக்காரர்கள் கணக்குப் போட்டு ஒரு ஹீரோவுக்கு 40 மணி நேரம் என்றார்கள். சாதித்த பெருமிதம் கிடைப்பதற்காகத்தான் இப்படி வைத்தோம் என்ற அர்த்தத்தில் கேமை வெளியிட்ட ஈஏ நிறுவனம் ரெடிட் என்ற இணைய அரங்கில் பதில் சொல்ல, அந்தப் பதிலுக்கு 6 லட்சத்துக்கும் மேல் எதிர் ஓட்டு விழுந்தது. உடனே 60,000-ஐ 15,000 ஆக்கினார்கள். எல்லோரும் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார்கள். யாரோ கவனித்துச் சொன்னார்கள்: கதைப் பகுதியை முடித்தால் கிடைக்கும் பரிசு 20,000 கிரெடிட்டாக இருந்தது, அதையும் கூடவே 5,000 ஆக்கிவிட்டார்கள்.

எனக்கு இந்த விஷயத்தில் மறக்காமல் நிற்பது இதுதான். விலைப்பலகையில் ஒரு எண்ணைக் குறைத்தால் கதையின் முடிவில் கிடைக்கும் பரிசும் தானாகக் குறைகிறது. வெளியீட்டுக்கு முந்தின இரவு கேமுக்குள் காசு வாங்குவதையே தற்காலிகமாக நிறுத்தினார்கள், 2018 மார்ச்சில் பலம் தரும் அட்டைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து வளர்ச்சி முறையையே மாற்றினார்கள். அதற்குப் பிறகு அந்த கேம் நன்றாகவே இருந்தது என்று அதை விடாமல் ஆடியவர்கள் சொல்வார்கள்.

அடுத்த மாதமே பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் மூன்று கேம்களின் பெட்டிகளைச் சூதாட்டச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது: ஃபிஃபா 18, ஓவர்வாட்ச், கவுன்ட்டர் ஸ்ட்ரைக். பேட்டில்ஃப்ரண்ட் 2 அந்தப் பட்டியலில் இல்லை, விற்பதை ஏற்கனவே நிறுத்தியிருந்ததால்.

ஜூன் 6, இரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். எல்லாமே குற்றச்சாட்டாக இருக்கிறது. காசு வாங்கியும் மரியாதையாக நடத்தும் தொடர்ச்சிக் கேம்கள் உண்டு. ஹெல்டைவர்ஸ் 2-ல் காசுக்கு வரும் வார்பாண்டுகளுக்கு (பாஸ் மாதிரியான பரிசுப் பட்டியல்கள்) கெடு தேதி இல்லை. இன்று வாங்கி அடுத்த வருடம் திறந்தாலும் அப்படியே இருக்கும். அதை வாங்கும் காசு கட்டங்களுக்குள்ளும் கிடக்கும், தேடினால் எடுக்கலாம். அதற்குள் ஆயுதங்களையும் வைத்து விற்கிறார்கள் என்ற குறை உண்டு, அந்தக் குறை சரிதான். ஆனால் "ஞாயிற்றுக்கிழமைக்குள் முடி, இல்லாவிட்டால் போயிற்று" என்று யாரும் உங்கள் கழுத்தில் உட்காருவதில்லை.

கெடு தேதி இல்லை என்ற ஒன்றே எவ்வளவு மாற்றுகிறது என்பது எங்கள் கேமில் சீசன் முடியும் வாரத்தில் தெரியும். போன சீசனின் கடைசி வாரம் நான் ஆடியதெல்லாம் எனக்குப் பிடிக்காத கட்டங்கள், எனக்குப் பிடிக்காத ஆயுதத்தோடு, ஏனென்றால் "கோடாலியால் 30 பேரை வீழ்த்து" என்று வேலை கொடுத்திருந்தார்கள். நாலு பேரும் கோடாலியோடு ஒரே மூலையில் அடித்துக்கொண்டிருந்தோம், காயம்பட்டவனைத் தூக்க யாரும் திரும்பவில்லை. முதல் பாகத்தில் எங்கள் நாலு பேருக்கு இப்படி ஒருநாளும் நடந்ததில்லை.

ஜூன் 8, காலை

தள்ளிப்போட்ட விஷயத்துக்கு வருகிறேன்: எதையும் கடையோடு முடிச்சுப் போடத் தோன்றுவது.

நேற்று இரவு தங்கச்சியோடு பாலக் கட்டத்தை ஆடிக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது தடவையாக விழுந்தோம். ஹெட்செட்டைக் கழுத்தில் இறக்கிவிட்டு அவள் கேட்டாள்: "அண்ணா, இது நிஜமாவே கஷ்டமா வச்சிருக்காங்களா, இல்ல கடைல அந்த கயிறு வாங்கணும்னு இப்படியா?"

கேள்வி கேட்டவருக்குக் குறிப்பாக: நீங்கள் பலம் விற்கவில்லை என்றீர்கள், போன மாத அப்டேட்டில் கடைக்கு வந்த இந்தக் கயிற்றைக் கவனிக்கவில்லை போல. விழுந்தால் ஒரு தடவை மட்டும் பிடித்துக்கொள்ளும். "வசதிப் பொருள்" என்று பெயர்.

அவளுக்கு என்னிடம் பதில் இல்லை. பாலம் நன்றாகச் செய்த கட்டம். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வரப்போகிறது என்பதைத் தொங்கும் விளக்குகள் ஒரு நொடி முன்னாலேயே காட்டிக்கொடுக்கும். அதைக் கவனித்தால் தாண்டலாம். இதை யோசித்தவர் ஆட்டத்தை நேசிக்கிறவர், சந்தேகமே இல்லை. ஆனால் மூன்றாவது விளக்குக்கும் நாலாவது விளக்குக்கும் இடையில் ஓர் இடைவெளி அளவுக்கு மீறி நீளம். அது வேண்டுமென்றே வைத்த சவாலா, கயிறு வந்த அப்டேட்டில் நீட்டியதா? முதல் பாகத்தின் பனிக்குகையில் இருபது தடவை விழுந்திருப்போம், யாருக்கும் இந்தக் கேள்வி வந்ததில்லை. எங்களுக்கு ஆடத் தெரியவில்லை, அவ்வளவுதான் என்று எண்ணியிருந்தோம்.

நான் இத்தனை நாளாகச் சுற்றிச் சுற்றிச் சொல்ல வந்தது இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. ஆட்டத்துக்குள் கடை வந்துவிட்டால் ஒவ்வொரு சிரமத்தின் மேலும் சந்தேகம் விழுகிறது. நேர்மையாகச் செய்த சிரமத்தின் மேலும்.

2024 மார்ச்சில் வந்த டிராகன்ஸ் டாக்மா 2 ஞாபகம் வருகிறது. அதில் நினைத்த இடத்துக்கு நினைத்தபோது பறக்க முடியாது, நடக்க வேண்டும். முதல் பாகத்திலேயே 2012-ல் அப்படித்தான், அது அந்தத் தொடரின் குணம். பயணம் சலிக்கிறது என்றால் கேம் சலிக்கிறது என்று அர்த்தம், வழியிலேயே சுவாரஸ்யம் வைக்க வேண்டும் என்பது இயக்குநர் வெளிப்படையாகச் சொன்ன கொள்கை. கேம் வெளிவந்த அன்று கடையில் பயணக் கல், உயிர்மீட்கும் கல், முகத்தை மாற்றும் புத்தகம் எல்லாம் காசுக்கு இருந்தன. உடனே கொந்தளிப்பு: நடக்கவிட்டு வதைத்து, கல்லை விற்கிறார்கள்! உண்மையில் அத்தனையும் கேமுக்குள்ளேயே கிடைக்கும், கடைப்பக்கம் போகாமலேயே முடிக்கலாம். நான் முடித்தேன், நடப்பதும் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் கோபப்பட்டவர்களைத் தப்பு சொல்லவும் மனம் வரவில்லை. கடையில் ஒரு கல்லை வைத்ததால், முதல் பாகத்திலிருந்தே வந்த ஒரு கொள்கை விற்பனைத் தந்திரம் மாதிரித் தெரிந்துபோயிற்று. அந்த நடையை வடிவமைத்தவர்களுக்கு நடந்த அநியாயம் அது.

ஜூன் 8, பகல்

ஆமாம், ஷேடோ ஆஃப் வார் சரியான உதாரணம், ஞாபகப்படுத்தியவருக்கு நன்றி. 2017 அக்டோபர். ஓர்க் என்ற அரக்க இனத்தின் படைத்தலைவன் ஒருவன் உங்களைக் கொன்றுவிட்டுப் போவான், பிறகு சந்திக்கும்போது அதை ஞாபகம் வைத்துப் பேசுவான். அப்படிப் பகைத்து, துரத்தி, கடைசியில் வசப்படுத்துவதுதான் மொத்த கேமும். அதில் ஓர்க்குகளைப் பெட்டியில் வைத்து விற்றார்கள். எந்தப் பகையும் இல்லாமல் ஒருவன் வந்து நிற்பான். இது கேமின் மையத்தையே பலவீனப்படுத்துகிறது என்று செய்தவர்களே சொல்லி 2018 ஜூலையில் கடையை எடுத்தார்கள், இழுத்துக்கொண்டே போன கடைசிப் பகுதியையும் சுருக்கினார்கள். சுருக்க முடிந்ததென்றால் முதலில் ஏன் அவ்வளவு நீளம்? தங்கச்சி கேட்ட அதே கேள்வி.

ஜூன் 9, இரவு

"இவ்வளவு பிடிக்கவில்லை என்றால் ஏன் இன்னும் ஆடுகிறீர்கள்?"

பிடிக்கிறது என்பதால்தான். பிடிக்காத கேமைப் பற்றி ஒரு வாரம் உட்கார்ந்து யார் எழுதுவார்கள்? துப்பாக்கியின் கனம் முதல் பாகத்தைவிட நன்றாக இருக்கிறது. தண்ணீருக்குள் போகும் கட்டத்தில் நாலு பேர் பேசுவதும் மங்கிக் கேட்கும், சைகை காட்டித்தான் ஆட வேண்டும், அந்த மாதிரி ஒன்றை வேறெங்கும் பார்த்ததில்லை. முதல் பாகத்தின் சர்வர் இன்னும் ஓடுகிறது, வெள்ளிக்கிழமை இரவுகளில் அங்கே போகிறோம். ஆனால் அங்கே புதுக் கட்டம் வராது.

ஜூன் 11, அதிகாலை 1.20

பாலத்தைத் தாண்டிவிட்டோம். கயிறு இல்லாமல், பதினேழாவது முயற்சியில். மூன்றாவது விளக்கு இடப்பக்கம் சாயும்வரை நின்று, அது திரும்பும்போது குதிக்க வேண்டும். தங்கச்சிதான் கண்டுபிடித்தாள். ஆக, அந்த இடைவெளி நியாயமானதுதான். ஜூன் 8-ல் அதை வைத்தவர் மேல் நான் சந்தேகப்பட்டதை வாபஸ் வாங்குகிறேன்.

அக்கரையில் கால் வைத்ததும் மலைக்குப் பின்னால் சூரியன் எழ ஆரம்பிக்கும். இசை நின்றுபோகும், காற்றுச் சத்தம் மட்டும். பாலத்தின் நிழல் பள்ளத்தாக்கின் மேல் மெல்ல நீளும். இரண்டு நொடிதான் பார்த்தோம், திரை நடுவே சலுகைப் பெட்டி வந்து உட்கார்ந்தது: "பாலம் கடந்தோர் மேலங்கி, 24 மணி நேரம் மட்டும்." மூடும் குறி மேல் மூலையில், சின்னதாக, சாம்பல் நிறத்தில். தேடி மூடுவதற்குள் சூரியன் மேலே வந்துவிட்டது. தங்கச்சி "அய்யோ, அதைப் பாக்கவே இல்லையே" என்றாள். நண்பன் பார்த்ததாகச் சொன்னான், எப்படி என்று கேட்டு வைத்துக்கொண்டேன்.

அக்கரை வந்ததுமே, பெட்டி வரும் முன்பே, பின்செல்லும் பட்டனை இரண்டு தடவை அழுத்துங்கள். பெட்டி திறந்த வேகத்தில் மூடிவிடும். நிழல் ஆற்றைத் தொடும்வரை நாலு நொடி முழுசாகக் கிடைக்கும்.